அம்சவேணி கவிச்சி கழுவிய கதை

செம்மலையை ஏரி எடுத்துக்கொண்ட மறுநாளே அவன் வாசம் மீனில் வந்துவிட்டது. மஞ்சக்கல் கேம்ப்பில் அன்று டிரவுட் மீன் வாங்கிய எல்லா வீட்டிலும், எண்ணெய் காய்ந்து, மீன் சட்டியில் விழுந்து, ஓரம் முறுகத் தொடங்கியதும், மீன் வாசத்துக்கு முன்னால் யூகலிப்டஸ் தைலமும், அதன் பின்னால் நனைந்த கம்பளி ஸ்வெட்டரும், அதற்கும் பின்னால் பையில் போட்டு மறந்துபோன வறுகடலையும் ஒவ்வொன்றாக அடுப்படிக்குள் வந்து நின்றன. எஸ்தர் வீட்டில் அவள் புருஷன் டேவிட்டு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "செம்மலை வந்திருக்கான் பாரு, நாற்காலியை எடுத்துப் போடு" என்றான். எஸ்தரும் எடுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான் முந்தின நாள் ஏரியில் பரிசல் கவிழ்ந்து மிதந்தது நினைவுக்கு வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நின்றாளே தவிர அதை மடக்கி வைக்கவில்லை. வந்து உட்கார்ந்த ஆளை எப்படி எழுப்பி அனுப்புவது?

மஞ்சக்கல் கேம்ப் நீலகிரியில், மேகம் படுத்து எழுந்து போகிற உயரத்தில் இருக்கிறது. அணை கட்ட மேட்டூர், தருமபுரிப் பக்கமிருந்து வந்தவர்களுக்குப் போட்ட தகரக் கொட்டகைகள்தான் ஊர். அணை கட்டி முடிந்தது, இஞ்சினியர்கள் ஜீப்பேறிப் போனார்கள், ஜனம் மட்டும் இறங்கவில்லை. கொட்டகைக்குச் சுவர் வந்தது, சுவருக்குள் பிள்ளைகுட்டி வந்தது, பெண்கள் தேயிலை கிள்ளப் போனார்கள், ஆண்களில் கொஞ்சப் பேர் ஏரியில் பரிசல் போட்டார்கள். ஏரியில் இருந்தது டிரவுட். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் தன் தூண்டிலுக்காகக் கொண்டுவந்து விட்ட மீன்; முதுகெல்லாம் கருப்புப் புள்ளி, விலாவில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை, செதில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத வழுவழுப்பு. குளிர்ந்த தண்ணீரிலேயே வளர்ந்ததால் சதை நன்றாக இருக்கும். ஆனால் பிடித்த கையோடு பக்குவம் பார்க்காவிட்டால் கவிச்சி அடிக்கும், குழம்பு வைத்த சட்டியைக்கூடத் தெருவில் கவிழ்க்க வேண்டிவரும்.

அந்தப் பக்குவம் தெரிந்தவள் அம்சவேணி. மேட்டூர் அணைக்கரையில் மீன் அறுக்கிற குடும்பத்திலிருந்து செம்மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் கேம்ப்புப் பெண்கள் மீனை வீட்டுக்குக் கொண்டுபோய், குண்டானில் ஊறப்போட்டு, புளி கரைத்து, மஞ்சள் போட்டு, எலுமிச்சை பிழிந்து, அத்தனைக்கும் பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு தின்பதைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, நீங்க மீனைக் குளிப்பாட்டறீங்க, கவிச்சியக் குளிப்பாட்டல" என்றாள். கவிச்சி மீனின் மேலே இல்லை, உள்ளே முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு நரம்பு மாதிரி ஓடுகிறதே, அந்த ரத்தக்கோட்டில் இருக்கிறது என்றாள். ரத்தம் உறைகிறதுக்குள், கரையிலேயே, மீன் துள்ளி அடங்கின சூட்டோடு வயிற்றைக் கீறி, செவுளைப் பிடுங்கி, அந்தக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் வாலிலிருந்து தலைவரைக்கும் சுரண்டி எடுத்துவிட வேண்டும்; வழுவழுப்புப் போகக் கல்லுப்பும் ராகி மாவும் தேய்க்க வேண்டும்; பிறகு புளித்த மோரில் ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஊறவிட்டு, ஒரே ஒரு தண்ணீர் அலசி எடுத்தால் முடிந்தது. கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் வேறு யார் செய்தாலும் கொஞ்சம் வாடை மிஞ்சியது, அம்சா செய்தால் மிஞ்சவில்லை. செம்மலை அதைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்பட்டான். "எம் பொண்டாட்டி நகம் பட்டா மீனே தான் மீனுங்கறத மறந்துரும்" என்பான்.

அவன் போன நாளில் ஆடிக்காற்று. மூடுபனியில் எதிர்க்கரை தெரியவில்லை. வலை எடுக்கப் போன பரிசல் கவிழ்ந்து மிதந்தது, துடுப்பு மதகோரம் ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து முங்கினார்கள். தண்ணீரின் குளிரும் ஆழமும் அவர்களையே நீலமாக்கி மேலே அனுப்பின. கயிறு போட்டுப் பார்த்தார்கள், கொக்கிகள் கோத்த பாதாளக் கொலுசு போட்டுத் துழாவினார்கள், கடைசியில் ஏரியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

கேம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. அது மேட்டூரிலும் உண்டு, தருமபுரியிலும் உண்டு. சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடிகிறவரைக்கும் கவிச்சி ஆக்கக் கூடாது. மீனோ கறியோ முட்டையோ அந்த வாசலைத் தாண்டக் கூடாது. எந்த வீட்டில் குழம்பு மணக்கிறதோ அந்த வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால்தான், தீயணைப்பு வண்டி மலையிறங்கிய சாயங்காலம், துக்கம் விசாரிக்க முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டு வந்த பெண்கள் அம்சவேணி வீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள். உள்ளே மீன் பொரிந்துகொண்டிருந்தது.

அம்சா தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். கை நிறைய வளையல் போட்டிருந்தாள். மகள் கனி அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். "வாங்கக்கா, உக்காருங்க. இன்னும் ஒரு பக்கம் வேகணும்" என்றாள்.

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். எஸ்தர்தான் மெதுவாகக் கேட்டாள். "அம்சா, மீனு எதுக்கு புள்ள இப்ப?"

"கனி அப்பா வந்தா சாப்புட என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டாள். தைலமும் கம்பளியும் வறுகடலையும் எழுந்து வாசல்வரை வந்தன. "பாருங்க, வாசம்கூட வந்துருச்சு. வாசத்துக்குப் பின்னாடி ஆள் வர எவ்வளவு நேரம்."

அன்று மீனை அவள் கழுவவேயில்லை. வயிற்றைக் கீறினாள், குடலை எடுத்தாள், ரத்தக்கோட்டை மட்டும் தொடாமல் விட்டாள். மற்றவர்களுக்கு மூன்று வாசம்தான் தெரிந்தது. அவளுக்கு மட்டும் நான்காவதாக ஒன்று தெரிந்தது. செம்மலையின் காதுக்குப் பின்னால், வெயிலில் காய்ந்த சோளத்தட்டையை முறித்தால் வருகிற வாசம் ஒன்று இருந்தது. அது அவன் அம்மாவுக்கும் தெரிந்திருக்கலாம், ஆனால் அவள் எப்போதோ போய்விட்டாள், ஆகவே உலகத்தில் அது தெரிந்த மூக்கு அம்சாவுடையது ஒன்றுதான். அந்த வாசம் ரத்தக்கோட்டுக்குள் இருந்தது. அந்த மீனை முள் விடாமல் தின்றாள்.

அழுவதற்கு வந்தவர்கள் அழாமல் திரும்பினார்கள். மீன் மணக்கிற வீட்டை எப்படிச் சாவு வீடு என்று சொல்வது? கோயில் பூசாரியிடம் கேட்டதற்கு, "உடம்பும் இல்ல, அந்தப் புள்ளையும் ஒத்துக்கல; நான் எதை வெச்சுக் காரியம் பண்றது?" என்று கையை விரித்தார். ஆக செம்மலை செத்தவன் கணக்கிலும் சேரவில்லை, இருக்கிறவன் கணக்கிலும் சேரவில்லை. நாள்தோறும் பொழுது சாய்கிற நேரத்தில் வீடு வீடாக வந்து அடுப்படியில் நின்றுவிட்டுப் போனான்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. எதற்குத்தான் ஊர் பழகிக்கொள்ளாது? டேவிட்டு மீன் பொரிக்கிற நாளில் ஒரு டம்ளர் டீ கூடப் போடச் சொன்னான், பிறகு அதையும் தானே குடித்தான். மீன்காரர்களில் மூத்தவரான பச்சியண்ணன், வலையை உதறும்போது, "என்னடா செம்மலை, இன்னைக்கு எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்திருக்கே" என்று மீன்களிடம் விசாரித்தார். செம்மலையோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த டீக்கடை ராமக்கா முதல் கொஞ்ச நாள் மீனே வாங்கவில்லை. பிறகு ஒரு நாள் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, பொரிகிற சட்டியிடம் நெடுநேரம் சண்டை போட்டு, சமாதானமாகி, வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் அரிந்தேன் என்றாள். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று மட்டும் மீன் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. பெரியப்பா முறை ஆகிற மனுஷன் நடுவீட்டில் நின்றால் நாங்கள் என்னத்தைச் சிரித்துப் பேசுவது என்று அந்தப் பெண் எஸ்தரிடம் சொல்ல, எஸ்தர் எல்லாரிடமும் சொன்னாள்.

ஆனால் கேம்ப்பு மட்டும் தின்று தீர்க்கிற மீன் இல்லை அது. பாதிக்கு மேல் மலையின் அந்தப் பக்கத்து விடுதிகளுக்குப் போகிற மீன். ஒரு விடுதிச் சமையல்காரன் கூடையோடு திருப்பி அனுப்பினான். "மீன் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா தட்டுல யாரோ ஒருத்தர் இருக்காரு. வர்ற கஸ்டமருங்க சாப்புடறதுக்கு முன்னாடி கும்புட்டுட்டு எந்திரிச்சுப் போயிடறாங்க" என்று சொல்லிவிட்டான். மற்ற விடுதிகளும் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றன. அப்போது தேயிலை இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்கழி பிறந்ததும் பனி விழுந்தது. சாதாரணப் பனி இல்லை, விடிந்து பார்த்தால் மலை முழுக்க உப்பைத் தூவின மாதிரி இருந்தது. வெயில் ஏறினதும் கொழுந்தெல்லாம் கருகி டீத்தூள் நிறத்தில் செடியிலேயே நின்றது. கிள்ள ஒன்றுமில்லை என்று தோட்டத்தில் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி மீன்தான் என்று ஆனது.

வாடையைப் போக்க ஆளாளுக்கு ஒரு வழி பார்த்தார்கள். ஒருத்தி இஞ்சியும் பூண்டும் அரைத்து அப்பினாள். ஒருத்தி வினிகரில் முக்கினாள். பச்சியண்ணன் சம்சாரம் கற்பூரம் கொளுத்திச் சட்டியைச் சுற்றினாள். அன்றைக்குக் குழம்பில் செம்மலையோடு கோயிலும் சேர்ந்து மணத்தது, அவ்வளவுதான். தேய்க்கத் தேய்க்க வாசம் தெளிவாகிக்கொண்டு வந்தது, கழுவிய கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி. கடைசியில் எல்லாரும் அம்சவேணியின் கையைப் பார்த்தார்கள். அவள் கையால்தான் போகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பச்சியண்ணன் மட்டும் ஒரு மத்தியானம் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்.

"மருமகளே, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"மாமா கேட்டா கோவிச்சுக்குவேனா? டீ குடிங்க மொதல்ல."

"அந்த ரத்தக்கோடு இருக்குதல்ல. நீ கரைக்கு வந்து நாலு மீனுக்கு எடுத்துக் காமிச்சீன்னா போதும். பொம்பளைங்க பாத்துக்குவாங்க."

அம்சா சிரித்தாள். "மாமா, என் ஊட்டுக்காரரைத் துவைச்சு அலசிப் பிழிஞ்சு காயப்போடச் சொல்றீங்க. அவரு இருந்தப்பவே அந்த ஸ்வெட்டரைத் துவைக்க உட்டதில்ல."

பச்சியண்ணனும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "ஊரு பட்டினி கெடக்குது தாயீ" என்றார்.

"தெரியும் மாமா. எங்க அடுப்பும் அதே ஊர்லதான இருக்குது." டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள். "வேற எது கேட்டாலும் செய்யறேன். இது ஏலாது."

அவர் குல்லாவைப் போட்டுக்கொண்டு போனார். ஊர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவளுடைய மகள் கனிஷ்காவுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயது இன்னும் வரவில்லை. அப்பா வாசம் வந்த முதல் நாளிலிருந்து கனி அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு, அன்றைய சேதியெல்லாம் சட்டிக்குச் சொல்வாள்: அங்கன்வாடியில் யார் யாரைக் கடித்தது, எந்த நாய் குட்டி போட்டது, அம்மா எதற்காகக் காதைத் திருகினாள். அம்சாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு நிறைந்தது. பிள்ளைக்கு அப்பன் முகம் மறந்துவிடும், இந்த வயதில் எல்லாம் மறந்துவிடும், ஆனால் வாசம் மறக்காது, இப்படி நாள்தோறும் ஊட்டி வைத்தால் எலும்பில் ஏறிவிடும் என்று நினைத்தாள். அதற்காகவே தினமும் மீன் ஆக்கினாள்.

ஒரு நாள் கனி, அம்மா மீனைத் துண்டு போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், எழுந்து வந்து கத்தி இருந்த கையைப் பிடித்தாள்.

"அப்பாவை ஏம்மா அறுக்கறே?"

"அப்பா இல்ல சாமி, மீனு."

"மீனுன்னா ஏன் அப்பா வாசம் அடிக்குது?"

அம்சா கையை விடுவித்துக்கொண்டாள். கத்தியைக் கீழே வைத்தாள். முழு மீனாகவே சட்டியில் போட்டாள். எண்ணெய் சீறியதும் கனி காதைப் பொத்திக்கொண்டு, "சுடுது, அப்பாவுக்குச் சுடுது" என்று அழ ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து பிள்ளை மீனைத் தொடவில்லை. மீன் ஆக்கின சட்டியில் வடித்த சோற்றைத் தொடவில்லை. பிறகு அந்த அடுப்பில் வெந்த எதையுமே தொடவில்லை. அம்சா மீன் வாங்குவதை நிறுத்திப் பார்த்தாள். நிறுத்தி என்ன பயன், இந்தப் பக்கம் எஸ்தர் வீட்டிலும் அந்தப் பக்கம் ராமக்கா கடையிலும் பொழுதானால் சட்டி ஏறிவிடுகிறது, பனியில் கருகிப்போன ஊருக்கு சோற்றுக்கு வேறு வெஞ்சனம் ஏது? கனி ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய் நின்றாள். "எங்கப்பாவை எறக்குங்க" என்றாள். பெரியவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு, வெறுஞ்சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். எத்தனை நாளைக்கு முடியும்? மாதையன், செம்மலையின் தம்பி, அண்ணன் மகளைத் தோளில் தூக்கிப்போய் பஸ் ஸ்டாண்டில் பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்தான். பன்னைப் பிய்த்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தை மாதத்தில் ஒரு காலை, அம்சா பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். கனி எழுந்து வாசலுக்கு ஓடினாள். ஓடின இடத்தில் அவள் கால் கொலுசு இரண்டும் தரையில் கிடந்தன. திருகாணி கழலவில்லை. கால் அவ்வளவு இளைத்துப்போய், கொலுசு தானாகவே பாதத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டிருந்தது. கொலுசு இல்லாமல் ஓடுகிற பிள்ளையின் கால்களைப் பார்த்தபடி அம்சா சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள். கல்லுப்பு ஜாடியை எடுத்தாள், ராகி மாவைக் கிண்ணத்தில் கொட்டினாள், எஸ்தர் வீட்டுக்குப் போய், "அக்கா, புளிச்ச மோரு இருக்கா?" என்று கேட்டாள்.

எஸ்தர் உள்ளே போனாள். மோர்ப்பானையையே தூக்கிக் கொடுத்தாள்.

கரையில் பச்சியண்ணனின் பரிசல் அப்போதுதான் ஒதுங்கியிருந்தது. மாதையன் வலையைப் பிரித்து மீனை ஒவ்வொன்றாகக் கல்மேல் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மீன் துள்ளும்போதும் ஈரக்காற்றில் தைலம் மணத்தது. அண்ணி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வருவதைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

"அண்ணி, வேண்டாம் அண்ணி. நாம எப்படியாச்சும் சமாளிச்சுக்கலாம்."

"நீ மீனைப் போடு தம்பி. ரத்தம் ஒறஞ்சா அப்புறம் போவாது."

முதல் மீனை எடுத்து இடது உள்ளங்கையில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். அது இன்னும் அடங்கவில்லை, வாலால் அவள் மணிக்கட்டைத் தட்டியது. "கொஞ்சம் பொறுத்துக்க" என்றாள். மீனிடம் சொன்னாளா, வேறு யாரிடமாவது சொன்னாளா என்று மாதையனுக்குத் தெரியவில்லை. வயிற்றைக் கீறி, செவுளைப் பிடுங்கி, மெல்லிய தோலைக் கத்திமுனையால் கிழித்தபோது முதுகெலும்பை ஒட்டி அந்தக் கோடு கருஞ்சிவப்பாகத் தெரிந்தது, தெரிந்த நொடியில் நான்காவது வாசம் எழுந்தது. வெயிலில் காய்ந்த சோளத்தட்டை. மேட்டூரில் கல்யாணமாகி மலைக்குப் பஸ்ஸேறி வந்த நாளில், கொண்டை ஊசி வளைவில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தபோது, தன் தோளில் அவள் தலையைச் சாய்த்து, "கண்ணை மூடிக்க, காத்து மாறினா செரியாயிடும்" என்று அவன் சொன்னபோது அவள் முகர்ந்த வாசம். அம்சா ஒரு மூச்சு நன்றாக இழுத்தாள். கட்டைவிரல் நகத்தை வாலோரம் வைத்து, தலைவரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

ஒரு மீனை மட்டும் விட்டுவைக்கலாம் என்று நினைக்காமலில்லை. தனக்கென்று ஒன்று, இலையில் சுற்றி, முந்தானைக்குள் வைத்து. ஆனால் அரைகுறையாகக் கழுவின கூடை முழுக்கூடையையும் நாறடிக்கும் என்பது அவள் அம்மா வீட்டில் கற்ற முதல் பாடம். ஒவ்வொன்றாக எடுத்தாள், கீறினாள், சுரண்டினாள். உப்பும் மாவும் போட்டுத் தேய்த்தாள், வழுவழுப்புத் திரண்டு சாம்பல் நிறத்தில் உதிர்ந்தது. மோரில் அமுக்கினாள், மோர் முதலில் ரோஜா நிறமாகி, பிறகு கலங்கியது. பேசிக்கொண்டேதான் செய்தாள். எந்த மீனில் எத்தனை முட்டை இருக்கிறது, எதை வறுக்கலாம், எதைக் குழம்பு வைக்கலாம், எந்த வீட்டுக்கு எது. பச்சியண்ணன் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசி மீனும் அலசியாயிற்று. மோர்த் தண்ணீரை ஏரியிலேயே ஊற்றினாள். அது வெள்ளையாக ஒரு கொடி மாதிரி இறங்கி, கொஞ்ச தூரம் உள்ளே போகிறவரைக்கும் தெரிந்து, பிறகு தெரியவில்லை.

அன்று மத்தியானம் வீட்டில் மிளகும் பூண்டும் நசுக்கிப் போட்டு மீன் வறுத்தாள். கனி வழக்கம்போலக் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். எண்ணெய் சீறியது. கனி கையை எடுத்தாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள், இன்னொரு தடவை உறிஞ்சினாள். எழுந்து வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா எறங்கிட்டாரா?"

"எறங்கிட்டாரு சாமி."

"சுடலையே அவருக்கு?"

"சுடல."

பிள்ளை பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் வாயை அம்சா ஊட்டினாள். இரண்டாவது வாயை அவளே எடுத்துக்கொண்டாள். பிறகு யாரும் ஊட்டத் தேவைப்படவில்லை. சோற்றைப் பிசைந்து, மீனைப் பிய்த்து, எண்ணெய் முழங்கைவரை வழிய, மூச்சுவிடாமல் தின்றாள். தின்று முடித்துத் தட்டை நீட்டி, "இது நல்ல மீனும்மா, இது என்ன மீனு?" என்று கேட்டாள். அம்சா இன்னொரு துண்டை வைத்தாள்.

ஊரும் அன்று நன்றாகத் தின்றது. மறுநாள் காலை கூடைகள் விடுதிகளுக்குப் போயின, எதுவும் திரும்பி வரவில்லை. டேவிட்டு தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு எஸ்தரிடம், "ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லிவிட்டு, வெகு நேரம் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தான் என்று பிறகு தெரிந்தது.

அந்த மறுநாளே அம்சா மாதையனிடம் அன்றைய வலையிலிருந்து ஒரே ஒரு மீன் கேட்டு வாங்கினாள். அவள் கழுவியது நேற்றைய மீன்; இது ஏரியிலிருந்து இப்போதுதான் வந்தது, இதன் ரத்தக்கோட்டை யாரும் தொடவில்லை. பிள்ளை அங்கன்வாடிக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, குடலை மட்டும் எடுத்துவிட்டு, கோட்டை அப்படியே விட்டு, உப்புக்கூடப் போடாமல் சட்டியில் இட்டாள். குனிந்து முகத்தைச் சட்டிக்கு மேலே வைத்துக்கொண்டாள். எண்ணெய் தெறித்து நெற்றியில் பட்டது. தைலம் வரவில்லை. கம்பளி வரவில்லை. இன்னும் வேகட்டும் என்று காத்திருந்தாள். திருப்பிப் போட்டாள். வெந்ததும் தட்டில் எடுத்து, நடுவில் பிளந்து, அந்தக் கருத்த கோட்டை மட்டும் விரலில் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

கவிச்சி. சேறும் பாசியும் இரும்புமாக, ஊரில் இருக்கிற எந்த மீனிலும் வருகிற கவிச்சி. தின்னாமல் விட மனசில்லாமல் முழுவதும் தின்றாள். தலையை உடைத்து உறிஞ்சினாள், முள்ளை ஒவ்வொன்றாக நாக்கில் துழாவிப் பார்த்தாள். தட்டில் வெறும் எலும்பு கிடந்தது. அதன் பிறகு சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்தாள். வளையல்களைக் கழற்றவில்லை, பூவை எடுக்கவில்லை, அதெல்லாம் எப்போது எப்படிச் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மாதையன் நாரில் கோத்த மீனோடு வந்தான். முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. "அண்ணி, இன்னைக்கு வலையில நல்ல பாடு. கனிக்குப் பெருசா ரெண்டு வெச்சிருக்கேன்" என்று வாசல் ஆணியில் மாட்டப் போனான்.

"மாட்டாதே தம்பி. கொண்டுபோயி யாருக்காச்சும் குடுத்துரு."

"ஏன் அண்ணி? புள்ள நேத்து எப்படிச் சாப்புட்டுச்சு."

"சாப்புட்டுச்சு." அம்சா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். "நம்ம ஊட்டுல கவிச்சி ஆகாது தம்பி. கருமாதி முடியட்டும்."

மாதையன் மீன் நாரைப் பிடித்தபடி நின்றான். ஆடியிலிருந்து அவன் அண்ணனுக்காக அழுததில்லை. தெருக்குழாய் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, மீன் நாரை மடியில் போட்டுக்கொண்டு, அண்ணா என்று ஒரு சத்தம் போட்டான். அந்தச் சத்தம் கேட்டு ராமக்கா கடையிலிருந்து வந்தாள். பச்சியண்ணன் வந்தார். தை மாதம்வரை முந்தானைக்குள் முடிந்துவைத்திருந்த அழுகையோடு பெண்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறங்கி வந்தார்கள். எஸ்தர் முதலில் அம்சா வீட்டு அடுப்படிக்குள் போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து அம்சாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கனிக்கு மட்டும் ஒரு வாய் சோறு உங்க ஊட்டுல போடுங்கக்கா" என்றாள் அம்சா. "இப்பத்தான் சாப்புட ஆரம்பிச்சிருக்கா."

"நான் பாத்துக்கறேன். நீ அழு புள்ள" என்றாள் எஸ்தர்.

அம்சவேணி அழுதாள். கனி எஸ்தர் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள், மீன் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டாள். கரையில் கூடை நிறைய மீன் இருந்தது, பொழுது சாய்ந்ததும் பூனைகள் வந்து இழுத்துப் போயின. அன்றைக்கு மஞ்சக்கல் கேம்ப்பில் ஒரு வீட்டிலும் மீன்சட்டி அடுப்பேறவில்லை.